தன் கிணறும் ஊர் நீரும்: நுகர்வின் அறம் பற்றிய ஒரு நோக்கு

மனிதன் உயிர்வாழ நுகர்ந்தேயாக வேண்டும். உண்ணுதலும் உடுத்தலும் நீரருந்துதலும் இன்றி ஒரு வாழ்வு இல்லை. ஆதலால் நுகர்வு நன்றா தீதா என வினவுவதிற் பயனில்லை. எவ்வளவு நுகரலாம், எவருடைய பங்கிலிருந்து நுகரலாம், பின்வருவோர்க்கு எதனை எஞ்சவிட்டு நுகரலாம் என்பனவே அறவியலுக்குரிய வினாக்களாம். இவற்றுக்கு இருவகை விடைகள் எளிதிற் கூறப்படுவதுண்டு. ஆசையை அறுத்தலே வழி என்பது ஒன்று. தன் பொருளைத் தான் விரும்பியவாறு பயன்படுத்தல் தன் உரிமை என்பது மற்றொன்று. முன்னையது துறவிக்குப் பொருந்தும்; பிள்ளைகளை வளர்க்கும் கமக்காரனுக்குப் பொருந்தாது. பின்னையது ‘தன் பொருள்’ எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்பதை ஆராயாமலே முடிவு கட்டிவிடுகின்றது. அளவு என்னும் கடினமான வினாவை இரண்டும் தவிர்த்து விடுகின்றன.

இவ்வினாவை வெறுங்கோட்பாடாக நோக்குவதிலும் ஒரு குறித்த நிலப்பரப்பில் வைத்து நோக்குவது தெளிவு தரும். அதற்கு யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீரைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு அரிது. குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கியாறு மாரியில் மாத்திரம் ஓடும். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீற்றர் அளவிற் பெய்யும் மழையிற் பெரும்பகுதி, வடகீழ்ப் பருவக்காற்றோடு ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையான காலத்திலேயே கிடைத்துவிடுகின்றது. அம்மழையில் ஒரு பகுதி ஆவியாகின்றது. ஒரு பகுதி கடலேரிகளிற் கலக்கின்றது. எஞ்சியது மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லின் பிளவுகளுக்கூடாகக் கீழிறங்கித் தங்குகின்றது. இவ்வாறு தங்கும் நன்னீர், உவர்நீரின் மேல் ஒரு வில்லையைப் போல மிதந்து நிற்கின்றது. நன்னீரின் அடர்த்தி கடல்நீரினதை விடக் குறைவாதலே இதற்குக் காரணம். ஒல்லாந்தரான பாடொன் கைபன் 1889 இலும் ஜேர்மானியரான ஹேர்ஸ்பேர்க் 1901 இலும் தனித்தனியே எடுத்துக்காட்டிய விதியின்படி, கடல்மட்டத்திற்கு மேல் ஒரு மீற்றர் உயரத்துக்கு நன்னீர் நின்றால், கடல்மட்டத்திற்குக் கீழே சுமார் நாற்பது மீற்றர் ஆழம் வரை அது பரவி நிற்கும். பிளவுபட்ட சுண்ணாம்புக்கல்லில் இவ்விதி ஏறத்தாழவே பொருந்துமாயினும், அதன் மறுதலை அச்சந் தருவதாகும். மேலே ஒரு சாண் நீர் குறைந்தால் கீழே அதன் பன்மடங்கு உயரத்துக்கு உவர் ஏறும். புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றின் மேல்நீர் நன்னீராகவும், ஆழஞ் செல்லச் செல்ல நீர் உவராகவும் இருத்தல் இவ்வமைப்பை நேரிற் காட்டும் சான்றாகும்.

இதிலிருந்து பெறப்படும் முதலாவது உண்மை இது: கிணறு ஒருவருடையதாக இருக்கலாம், நீர் அவருடையதன்று. வேலிக்குள் கிணறு நிற்கின்றது. வேலிக்கடியில் நீர் ஓடுகின்றது. நிலத்துக்கு உறுதி எழுதலாம். கல்லின் பிளவுகளுக்குள் அசையும் நீருக்கு எல்லை காட்டி உறுதி எழுத எந்த நொத்தாரிசாலும் இயலாது. எனவே ‘என் கிணற்று நீரை நான் இறைக்கின்றேன்’ என்னும் கூற்றில் ‘என்’ என்னுஞ் சொல் கிணற்றின் கட்டோடு நின்றுவிடுகின்றது.

முற்காலத்தில் இவ்வுண்மை ஒரு பிரச்சினையாக எழவில்லை. துலா மிதித்தும் பட்டையால் இறைத்தும் தோட்டஞ் செய்தவர்களின் உடல் வலுவே நுகர்வுக்கு எல்லை வகுத்தது. ஒருவர் துலாவில் ஏறி நடக்க, ஒருவர் பட்டை பிடிக்க, ஒருவர் பாத்தி மாறத் தண்ணீர் கட்டிய காலத்தில், ஒரு நாளில் இறைக்கத்தக்க நீர் இவ்வளவுதான் என்பதை மனிதரின் களைப்பே தீர்மானித்தது. நீரிறைக்கும் இயந்திரம் பரவியபின் அவ்வெல்லை நீங்கிற்று. 1970களில் வெங்காயம், மிளகாய் போன்றவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது குடாநாட்டுச் செம்மண் தோட்டங்கள் நாட்டுக்கே அவற்றை வழங்கின. பல குடும்பங்கள் முதன்முறையாக நிமிர்ந்தன. பல பிள்ளைகள் பல்கலைக்கழகம் புகுந்தனர். அச்செழிப்பைப் பழித்தல் நன்றியின்மையாகும். ஆயினும் அச்செழிப்போடு இறைப்பும் பெருகிற்று. செயற்கை உரமும் பெருகிற்று.

இங்கு ஒரு வேறுபாட்டை மனங்கொள்ளல் வேண்டும். துலாக்காலத்து மனிதர் குறைவாக இறைத்தமை அவர்தம் அறத்தினால் அன்று, இயலாமையினால் ஆகும். அவ்வாறே 1990களில் போர்க்காலப் பொருளாதாரத் தடையால் எரிபொருளும் யூரியாவும் கிடைத்தற்கரியனவானபோது நேர்ந்த குறைந்த நுகர்வும் அறமன்று; அது மக்கள்மீது சுமத்தப்பட்ட துன்பம். வறுமையை எளிமையெனப் போற்றுவது வறுமையை அறியாதார் செயல். கூடுதலாக நுகரும் ஆற்றல் கைவந்தபின் ஒருவர் தாமாக வகுத்துக்கொள்ளும் அளவே அறத்தின்பாற்படும். இயந்திரம் மனிதனின் எல்லையை நீக்கியது. நீங்கிய எல்லையின் இடத்தில் அவன் தன் அறிவினால் வேறோர் எல்லையை நிறுவினானா என்பதே கேள்வி.

இதற்கு எதிராக எழுப்பப்படும் தடைகளுள் வலிமையானது பின்வருமாறு: ‘குடாநாட்டில் எண்ணிறந்த கிணறுகள் உள. ஒருவர் ஒரு மணிநேரம் குறைத்து இறைப்பதால் உவர் ஏறாது நின்றுவிடுமா? ஒருவர் கூடுதலாக இறைப்பதால் அயலவரின் கிணறு உவர்க்குமா? விளைவில்லாத செயலிற் குற்றம் எங்ஙனம் வரும்?’ இத்தடை சோம்பேறியின் சாக்கு அன்று. மெய்யியலாளரையும் வருத்திய வினா. ஆங்கிலேய மெய்யியலாளரான டெரெக் பார்ஃபிற் 1984 இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக ஆராய்ந்தார். ஒரு செயலின் தனி விளைவு உணரமுடியாத அளவு சிறிதாயினும், அது பலர் செய்யுஞ் செயல்களின் தொகுதியிற் சேர்ந்து ஒருவருக்குத் தீங்கிழைக்குமாயின், அத்தொகுதியிற் பங்குகொண்டமையே அச்செயலைத் தவறாக்கப் போதும் என்பது அவர் காட்டிய வழி. இதனை இவ்வாறும் விளங்கலாம். எவருடைய இறைப்பும் காரணமன்று எனின், கிணறு உவர்த்தமைக்குக் காரணமே இல்லை என்றாகும். கிணறோ உவர்த்துவிட்டது. ஆகவே ‘எவரும் காரணரல்லர்’ என்பது பொய். ‘ஒவ்வொருவரும் சிறிது காரணர்’ என்பதே மெய்.

எனினும் தடை முற்றாக நீங்கிவிடவில்லை. பிறர் யாவரும் வழமைபோல் இறைத்துக்கொண்டிருக்கத் தான் மாத்திரம் குறைப்பவன், நீரையுங் காவான். தன் பயிரையும் இழப்பான். அவனுக்கு அறம் என்ன கூறும்? அமெரிக்க உயிரியலாளரான கரற் ஹாடின் 1968 இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இந்நிலையைப் பொதுச்சொத்தின் அவலம் என வருணித்தது. கட்டற்ற பொதுநிலத்தில் ஒவ்வொருவரும் தத்தம் ஆதாயத்தை நாட, அனைவரும் அழிவர் என்பதும், மனச்சாட்சியை நம்பியிருத்தல் பயனற்றது என்பதும் அவர் துணிபு. மனச்சாட்சி தனித்து நிற்கும்போது நலிவடையும் என்பது உண்மையே. ஆயின் அதிலிருந்து அழிவு திண்ணம் என்பது பெறப்படாது. 2009 இற் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட எலினோர் ஒஸ்ரம், 1990 இல் வெளிவந்த தம் நூலில், சுவிற்சர்லாந்தின் மலைமேய்ச்சல் நிலங்களும் ஸ்பெயினின் வலென்சியாப் பகுதி நீர்ப்பாசனக் கால்வாய்களும் நூற்றாண்டுகளாகப் பயனாளிகளாலேயே காக்கப்பட்டு வருவதை எடுத்துக்காட்டினார். அவருடைய தொடக்க ஆய்வே நிலத்தடி நீர் பற்றியதாகும். லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியின் கரையோரத்தில் மிகையான இறைப்பினாற் கடல்நீர் உட்புகுந்தபோது, நீரெடுப்போர் கூடிப் பேசியும் நீதிமன்றத்தை நாடியும் தம் இறைப்பைத் தாமே குறைக்க இணங்கிய வரலாற்றை அவர் ஆராய்ந்தார்.

இத்தகைய ஏற்பாடு யாழ்ப்பாணத்துக்குப் புதியதன்று. பங்குக் கிணறு என்னும் வழக்கம் இதற்குச் சான்று. ஒரு கிணற்றிற் பலருக்குப் பங்குண்டு. பங்குக்கேற்ப இறைப்பு முறையுண்டு. வழி வாய்க்கால் உரிமையும் உறுதியில் எழுதப்படும். தன் முறை தவறி இறைப்பவன் அயலாரின் முகத்தில் விழிக்க வேண்டியவனாதலால் விதி பெரும்பாலும் தானே நின்றது. ஆயினும் மரபை அளவிறந்து புகழ்தலும் பிழையாகும். இதே ஊர்களில் சாதியின் பெயரால் கிணற்றடிக்கு வரவிடாது தடுக்கப்பட்டோர், பிறர் அள்ளி ஊற்றும் வரை குடத்தோடு காத்துநின்றனர். சாதியின் பெயராற் சமூகக் குறைபாடுகளை விதித்தலைக் குற்றமாக்கும் சட்டம் 1957 இலேயே பிறந்தது. பங்குடையோர் தமக்குள் நேர்மையாக நடந்தமை மெய். பங்கற்றோரை மனிதராக எண்ணாமையும் மெய். ஆகவே மரபிலிருந்து கொள்ளத்தக்கது அளவும் முறையும் என்னும் வடிவமேயன்றி, யார் பங்காளர் என்பதற்கு அது வகுத்த எல்லையன்று. மேலும் பங்குக் கிணறு ஒரு கிணற்றின் பிணக்கையே தீர்த்தது; கிணறுகள் அனைத்தையும் இணைக்கும் நீர்வில்லைக்கு அத்தகைய ஏற்பாடு எதுவும் அம்மரபில் இல்லை.

நீரின் அளவோடு அதன் தூய்மையும் நோக்கற்பாலது. சுன்னாகத்தில் மின்னுற்பத்தி நிலையமொன்றைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்தமை தொடர்பான வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடுசெய்தல் வேண்டும் என்னும் நெறியைத் தழுவி, பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீடு வழங்குமாறு உயர் நீதிமன்றம் 2019 இல் தீர்ப்பளித்தது. அங்கே பிரதிவாதியைச் சுட்டிக்காட்ட முடிந்தது. ஆனால் தோட்டங்களிலிருந்தும் மலசலகூடக் குழிகளிலிருந்தும் சுண்ணாம்புக்கல்லுக்கூடாக இறங்கும் நைத்திரேற்றுக்கு யாரைப் பிரதிவாதியாக்குவது? குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் என உலக சுகாதார தாபனம் வகுத்த எல்லையை வலிகாமத்தின் பல கிணறுகள் மீறியிருத்தலைப் பல ஆய்வுகள் வெளிப்படுத்தியுள்ளன. கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைக் காவும் ஆற்றலை நைத்திரேற்று குறைக்கவல்லது. இங்கே மாசுபடுத்துவோரும் அந்நீரை அருந்துவோரும் ஒருவரேயாவர். பிறர் தவற்றைக் கண்டு சினத்தல் எளிது. தீங்கு எல்லார் கைகளிலும் சிறிது சிறிதாகப் பரவியிருக்கும்போதே மனச்சாட்சி உறங்கிவிடுகின்றது.

அங்ஙனமாயின் சுமை யாரைச் சாரும்? கமக்காரனையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுதல் நியாயமாகாது. வெங்காயத்தை வாங்கி உண்பவர் தொலைநகரில் இருப்பினும் குடாநாட்டின் நீரையே நுகர்கின்றார். மலிவான விலையை எதிர்பார்க்கும் வாங்குவோர், கூடிய விளைச்சலை வற்புறுத்தும் சந்தை, அளந்து உரமிடும் அறிவைத் தோட்டத்துக்குக் கொண்டுசெல்லாத ஆய்வுலகம் ஆகிய யாவும் இதிற் பங்குடையன. மேலும் நுகர்வுகள் யாவும் ஒரு தரத்தன அல்ல. குடிநீர் முதலாவது, பிழைப்புக்கான பயிர் இரண்டாவது, வசதிக்கும் பகட்டுக்குமானது இறுதி. நாள்முழுதும் பாயும் விடுதித் தோட்டத்தின் நீரையும் இரண்டு பரப்பில் மிளகாய் நட்டவரின் நீரையும் ஒரே தராசில் நிறுத்தல் நீதியன்று. குறைத்தல் இறுதியானதிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

தொழினுட்பம் தீர்த்துவிடும் என்னும் நம்பிக்கையும் உண்டு. இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரும் திட்டத்தைக் கிளிநொச்சி நெற்செய்கையாளர் எதிர்த்தனர். தம் வயலின் நீர் பிறர் குழாய்க்குச் செல்வதை அவர்கள் ஏற்கவில்லை. கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 இல் தாளையடியில் திறந்துவைக்கப்பட்டது. அது குடிநீர்த் துயரைத் தணிக்குமாயின் வரவேற்கத்தக்கதே. எனினும் உப்பைப் பிரிக்க மின்சாரம் வேண்டும். இலங்கையின் மின்சாரத்தில் ஒரு பகுதி இன்றும் நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்தே பெறப்படுகின்றது. இவ்வாறு, ஓரிடத்துப் பற்றாக்குறை வேறோரிடத்துக்கோ வேறொரு தலைமுறைக்கோ பெயர்க்கப்படுகின்றது. தொழினுட்பம் அளவு பற்றிய வினாவை ஒத்திவைக்கும், அழித்துவிடாது.

பின்வருந் தலைமுறையின் நிலை இவ்வகையிற் சிறப்பாக நோக்கத்தக்கது. பாறைக்குள் ஏறிய உவர் ஒரு மாரியிற் கழுவுண்டு போவதன்று. இன்று இறைப்பவர் நாளைப் பிறப்பவரின் பங்கையும் சேர்த்து இறைக்கக்கூடும். பிறவாதவரோ முறை கேட்டு வாய்க்காலுக்கு வரமாட்டார். வழக்குத் தொடுக்கவும் மாட்டார். அவர் பெயர் எந்த உறுதியிலும் இல்லை. தன்னை எதிர்த்துப் பேசவியலாதவரின் பங்கை எடாதிருத்தலே நேர்மையின் உரைகல்.

மேற்கூறியவற்றால் தனிமனிதனின் கடமை இருகூறாக அமைதல் புலனாகும். தன் தேவையை வரிசைப்படுத்தி, மழை மீட்டுத்தரும் அளவுக்குள் தன் பங்கைச் சுருக்கிக்கொள்ளல் ஒரு கூறு. தன்னொருவன் அடக்கம் வீண்போகாதவாறு, அளவையும் முறையையும் அனைவர்க்கும் பொதுவாக்கும் ஏற்பாட்டுக்கு உழைத்தல் மறுகூறு. குளங்களையுங் கேணிகளையும் தூர்வாரி மழைநீரைத் தேக்குதல், கிணற்றுநீரைக் காலந்தோறும் பரிசோதித்து முடிவை ஊரறியச் செய்தல், இறைப்புக்கு ஊர்கூடி வரம்பு வகுத்தல் என்பன இரண்டாவது கூறின் செயல்வடிவங்கள். முதற்கூறு மாத்திரம் உடையவன் நல்லவன். ஆயினும் அவன் கிணறும் உவர்க்கும். இரண்டாவதை மாத்திரம் பேசுபவனின் சொல்லை அயலார் ஏற்கார். அவனுடைய இயந்திரத்தின் ஒலி அவர்களுக்குக் கேட்டுக்கொண்டேயிருக்கும். ஆதலின் தன் கிணற்றில் அளவறிந்து இறைப்பவனே ஊர்க்கூட்டத்தில் அளவு பற்றிப் பேசும் தகுதியுடையவனாவான். அவ்வாறு இறைப்பவன் அக்கூட்டத்துக்குப் போகாதிருத்தலும் தகாது.