ஆற்றலுக்கு ஏற்ற தவம்



தசலட்சண பர்வம் தொடங்குவதற்கு முன்னாள் மாலை, ஜிநாலயத்தில் அறவுரை முடிந்து அனைவரும் கலைந்த பின்னர், ஓர் அம்மையார் மட்டும் தூணருகே தயங்கி நின்றார். அருகழைத்து வினவினோம். "ஐயா, என் மகன் வலி தீர்க்கும் மாத்திரைகளைப் போதைக்காக விழுங்கிப் பழகிவிட்டான். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பி இருபது நாளாகிறது. செய்த பாவம் தொலைய இந்தப் பத்து நாளும் உண்ணாநோன்பு இருக்கட்டும் என்கிறார் அவன் தகப்பனார். அவனும் இருக்கிறேன் என்கிறான். எழுந்து நிற்கவே வலுவில்லை. இருக்கச் சொல்லலாமா?" என்று கண் கலங்கக் கேட்டார்.

"வேண்டா அம்மா. இப்பொழுது அவன் வேளை தவறாமல் உண்பதே நோன்பு" என்றோம். அவ்வாறு கூறியதன் காரணத்தை இங்கு விரித்துரைக்க விழைகிறோம். இவ்வினா ஓர் இல்லத்திற்கு மட்டும் உரியதன்று.

நம் ஜிநதர்மம் இல்லறத்தார்க்கு எட்டு மூலகுணங்களை விதித்துள்ளது. மது, ஊன், தேன் ஆகிய மூன்றையும் விலக்கி, ஐந்து அணுவிரதங்களைக் கைக்கொள்ளுதலே அவை. முதற்கண் விலக்கப்படுவது மது. அறிவை மயக்கும் பொருள் எதுவாயினும் அதனுள் அடங்கும். இதனால், 'இத்தீமை நம் இல்லங்களை அணுகாது' என்றொரு பெருமிதம் நமக்குண்டு. அப்பெருமிதமே இன்று சில பெற்றோரை வாயடைக்கச் செய்கிறது. மருத்துவரிடம் செல்லவும் நாணுகின்றனர். அழைத்துச் சென்று மீட்டபின்னரோ, பழி துடைக்கும் பொருட்டுக் கடுநோன்பால் பிள்ளையின் உடலை வாட்ட முற்படுகின்றனர்.

ஆதிபகவனாகிய விருஷபதேவரின் வரலாற்றை நினைவு கூர்வோம். அவர் துறவு பூண்டபோது, அவர்பாற்கொண்ட பற்றினால் நாலாயிரம் மன்னர்கள் உடன் துறவேற்றனர். பகவான் ஆறு திங்கள் உண்ணாது யோகத்தில் நின்றார். உடன் வந்தோரோ பசியும் நீர் வேட்கையும் பொறுக்கலாற்றாது நெறி தவறிக் காய், கனி, கிழங்குகளைத் தேடி ஓடினர். தம் வலிமை அறியாது மேற்கொண்ட தவம் அவர்களை வீழ்த்தியது. பகவான் மேலும் உண்ணாதிருக்க ஆற்றல் உடையவரே. ஆயினும், பின்வரும் துறவியர் உடலைக் காத்து அறம் புரியும் நெறியைக் காட்டும் பொருட்டு உணவு ஏற்க எழுந்தருளினார். அஸ்தினாபுரத்தில் சிரேயாம்ச மன்னன் அளித்த கரும்புச் சாற்றை ஏற்றார். அந்நாளையே நாம் அட்சய திருதியையாகப் போற்றுகிறோம். உண்ணாமையைப் போற்றும் நம் சமயம், உண்ட நாளையும் திருநாளாகக் கொண்டாடுவதன் கருத்தைச் சிந்தியுங்கள்.

தீர்த்தங்கர நாமகர்மத்திற்குக் காரணமான பதினாறு பாவனைகளிலும், தவம் என்று வாளா கூறாது, ஆற்றலுக்கு ஏற்ற தவம் என்றே ஆன்றோர் வகுத்தனர். தேவர்க்கும் தவம் இயலாது. மனிதப் பிறவியில் பெற்ற இவ்வுடல் ஒன்றே தவத்திற்குக் கருவி. பழுதுற்ற கருவியைச் செப்பனிடாமல் வேலை வாங்கலாமோ?

இனி அவ்வுடலின் நிலையைக் காண்போம். இத்தகைய மாத்திரைகளையோ ஹெராயினையோ நிறுத்திய முதல் சில நாட்களில் வாந்தி, பேதி, உடல்வலி, வியர்வை ஆகியன வருத்தும். ஒரு வார அளவில் அவை பெரிதும் தணியும். எனினும் உறக்கக் குறைவும், சோர்வும், மனத்தளர்ச்சியும் வாரக்கணக்கில், சிலர்க்கு மாதக்கணக்கில் நீடிக்கும். இல்லத்தார் இதனைச் சோம்பல் என்று கடிவர். அது சோம்பலன்று, புண்பட்ட நரம்புகள் தேறுங்காலம். தசை கரைந்து, எடை குறைந்து நிற்கும் அவ்வுடலில் பசியும் களைப்பும் மிகுந்தால், பழைய வேட்கையே தலைதூக்கும்.

ஆகவே, கதிரெழுந்தது முதல் மறையும் வரை நான்கு வேளையாகப் பிரித்து உணவளியுங்கள். பல நாள் சரிவர உண்ணாதவர்க்கு முதல் நாளே விருந்து படைப்பது தீங்கு. சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். காலையில் பாலும் கேழ்வரகுக் கூழும், பின்னர் பாசிப்பருப்புக் கஞ்சியோ பருப்புச் சோறோ, முருங்கைக்கீரை, நெல்லிக்காய், வாழைப்பழம், வேர்க்கடலை, தயிர், மோர் என நம் அடுக்களையில் உள்ளனவே போதும். பருப்பு வகை தசையை வளர்க்கும். பாலும் தயிரும் நம் மரக்கறி உணவில் வேறெதனாலும் கிட்டாத பி பன்னிரண்டு என்னும் உயிர்ச்சத்தைத் தரும். மாலை உணவு கதிர் மறையுமுன் வயிறு நிறைய அமைந்தால் இரவுணவு விலக்கும் பழுதுபடாது. மருத்துவர் இரவில் உண்ணச் சொன்ன மருந்தை மட்டும் தடுத்தல் கூடாது. மருந்தும் நீரும் நீங்கலாக இரவுணவு விலக்கும் சிராவகர் நம்மிடைப் பலர் உள்ளனர். 'ஒரு போதைக்கு மற்றொன்றா' என்று எண்ணி அம்மருந்தைத் தாமே நிறுத்துவோரும் உண்டு. மருத்துவர் அளந்து தருவது போதையன்று. அதை நிறுத்தும் நாளும் அவர் கூற வேண்டியதே.

உடற்பயிற்சியும் அவ்வாறே படிப்படியாக அமைதல் வேண்டும். முதலில் முற்றத்தில் இளவெயிலில் அமர்தல். பின் பத்து நிமிட நடை. வாரந்தோறும் ஐந்து நிமிடம் கூட்டி நாளொன்றுக்கு அரைமணி நேரம், வாரம் ஐந்து நாள் என்னும் அளவை எட்டினால் நன்று. பளு தூக்குதலும் ஓட்டமும் மருத்துவர் இசைந்த பின்னரே. தனியே அனுப்பாது தந்தையோ தமையனோ உடன் நடத்தல் சிறப்பு. நடை உறக்கத்தைத் தரும், மனத்தளர்ச்சியைக் குறைக்கும்.

வேட்கை எழும்போது காயோத்சர்க்கம் துணை நிற்கும். கைகளைத் தொங்கவிட்டு நிமிர்ந்து நின்று, இருபத்தேழு மூச்சில் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஒன்பது முறை உள்ளத்தில் ஓதுதல் நம் மரபு. போதை வேட்கை அலை போன்றது. பெரும்பாலும் அரைமணி நேரத்திற்குள் தணிந்துவிடும். நிற்க இயலாதவர் அமர்ந்தே ஓதலாம்.

இல்லத்தார்க்கும் ஒரு நோன்புண்டு. நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் ஒன்று அருவருப்பின்மை. உத்தாயண மன்னனைச் சோதிக்க வந்த தேவன், நோயுற்ற முனிவர் வடிவில் உணவேற்று மன்னன் மேலேயே வாந்தியெடுத்தான். மன்னன் முகஞ்சுளிக்கவில்லை. தான் அளித்த உணவில் குற்றம் நேர்ந்ததோ என்று தன்னையே நொந்துகொண்டு, நீர் கொணர்ந்து அவ்வுடலைத் தூய்மை செய்தான். மகனின் வியர்வை தோய்ந்த படுக்கையை மாற்றும் தாய் அம்மன்னனின் நெறியிலேயே நிற்கிறாள்.

வழுவியவரை நிலைநிறுத்துதலாகிய ஸ்திதிகரணமும் அவ்வெட்டனுள் ஒன்று. மீண்டவன் மறுபடியும் சறுக்குதல் உண்டு. அப்போது வீட்டைவிட்டு விரட்டாதீர்கள். விட்டிருந்த நாட்களில் உடல் அப்பொருளைத் தாங்கும் வலிமையை இழந்திருக்கும். முன்பு எடுத்த அதே அளவே இப்போது மூச்சை அடக்கி உயிரைப் பறிக்கக்கூடும். அச்சத்தால் மறைவிடம் தேடிச் செல்பவனைக் காப்பாற்ற அங்கு எவருமிலர்.

நாள்தோறும் மிகுதியாகக் குடித்து வந்தவரைப் பற்றியும் ஒன்று கூறுவோம். சபதம் செய்வித்து ஒரே நாளில் வீட்டிலேயே நிறுத்தச் செய்தால், ஓரிரு நாளில் வலிப்பும், அதனைத் தொடர்ந்து சித்தப்பிரமையும் கண்டு உயிருக்கே ஊறு நேரலாம். அவர்கட்கு மருத்துவமனையே முதல் படி. சென்னையில் 1980ஆம் ஆண்டு சாந்தி ரங்கநாதன் அம்மையார் நிறுவிய டி.டி.கே. மருத்துவமனை இத்துறையில் நெடுங்காலப் பட்டறிவு உடையது. 14446 என்னும் அரசின் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணிலும் வழி கேட்கலாம். கேட்பதில் இழுக்கொன்றுமில்லை.

ஓட்டைப் படகில் முதலில் ஓட்டையை அடைத்து, பின்னரே உட்புகுந்த நீரை இறைப்பர். முன்னது சம்வரம், பின்னது நிர்ஜரை. போதையை நிறுத்தியதால் ஓட்டை அடைபட்டது. நீரை இறைக்கக் காலமும் வேண்டும்; இறைப்பவன் கைகளுக்கு வலுவும் வேண்டும்.

அவ்வம்மையாரின் மகன் அப்பத்து நாட்களிலும் காலையில் கஞ்சி அருந்திவிட்டுத் தந்தையுடன் ஜிநாலயத்திற்கு நடந்து வந்தான். முதல் நாள் வாயிற்படியிலேயே அமர்ந்துவிட்டான். ஏழாம் நாள், உத்தம தவத்திற்குரிய நன்னாளில், தந்தையின் தோளைப் பற்றியவாறு ஆலயத்தை மும்முறை வலம் வந்தான். அன்று உண்ணாநோன்பு இருந்தோர் பலர் அங்கிருந்தனர். அவர்தம் தவத்திற்கு அவன் தவம் சிறிதும் குறைந்ததன்று என்றே நாம் கருதுகிறோம்.

அருகன் திருவடி போற்றி!
வாழ்க ஜிநதர்மம்!