மாதப் பணமா, முதலா?

 

ஓசூரில் தொழிற்சாலைகள் பெருகப் பெருக, நம் உத்தனப்பள்ளி வரைக்கும் நிலத்தின் விலை ஏறிவிட்டது. ராகி விளைந்த காட்டுக்கு இன்று பேரம் நடக்கிறது. கூடவே சில வீடுகளில் ஒரு கேள்வியும் கிளம்பியிருக்கிறது: "மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக ஏன் வாங்க வேண்டும்? முதலையே கொடுத்துவிடலாமே?"

இதைக் கேட்பவர் இரு வகை. இருவருக்கும் ஒரே பதில் கிடையாது.

முதலாமவர் யதீமாக வளர்ந்த பிள்ளை. வாப்பாவின் சொத்து சாச்சாவின் கையில். பிள்ளைக்கு வயது வந்துவிட்டது, கம்பெனியில் வேலையும் பார்க்கிறான். சாச்சாவோ, "அவன் கையில் காசு நிற்காது" என்று மாதப் பணம் மட்டும் தருகிறார். சூரத்துன் நிஸாவின் 6-வது வசனத்தைப் பாருங்கள். யதீம்கள் பருவமடைந்து, அவர்களிடம் பொறுப்பறிவைக் கண்டால் சொத்தை ஒப்படைத்துவிட வேண்டும். சாட்சிகளையும் வைக்க வேண்டும். பொறுப்பறிவு வரும்வரை பொறுக்கலாம் என்பது இமாம் அபூயூசுஃப், இமாம் முஹம்மத் இருவரின் கருத்து. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களோ, 25 வயதானால் எப்படியும் கொடுத்துவிட வேண்டும் என்றார்கள்.

அதே 25 இங்கிலாந்திலும் ஒரு வழக்கில் வந்தது. ஒருவர் தம் கிழக்கிந்தியக் கம்பெனிப் பங்குகளை உறவுக்காரப் பையனுக்கு எழுதி, 25 வயதில் கொடுக்கச் சொன்னார். பையன் 21-லேயே கேட்டான். வேறு யாருக்கும் அதில் உரிமை இல்லாததால், 1841-இல் நீதிமன்றம் கொடுக்கச் சொல்லிவிட்டது. நம் நாட்டின் 1882-ஆம் ஆண்டு டிரஸ்ட் சட்டத்தின் 56-வது பிரிவும் இதே வழிதான்: பயனாளிகள் எல்லோரும் வயது வந்தவர்களாக, ஒருமனதாக இருந்தால் முதலையே கேட்டு வாங்கலாம்.

இரண்டாமவர் இந்தச் சட்டத்தைத்தான் பிடித்துக்கொள்கிறார். பாட்டனார் சந்ததிக்காக வக்ஃபு செய்த நிலம். "பேரன்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டோம், ஹழ்ரத். விற்றுப் பங்கு போடலாமா?" என்கிறார்.

இன்னும் பிறக்காத பேரனின் கையெழுத்து எங்கே?

உமர் (ரலி) அவர்கள் கைபர் நிலத்தைப் பற்றி ஆலோசனை கேட்டபோது, மூலத்தை நிறுத்தி வைத்துப் பலனைத் தர்மமாக்கும் வழியை நபி (ஸல்) அவர்கள் காட்டினார்கள். அந்த நிலம் விற்கப்படாது, அன்பளிப்பாகாது, வாரிசுக்கும் போகாது. யதீமின் சொத்து அவனுடையது. வக்ஃபின் மூலம் உங்களுடையதல்ல, பலன்தான் உங்களுடையது. அதனால்தான் அந்த 1882 சட்டமே வக்ஃபை விட்டு விலகி நிற்கிறது. வக்ஃபு சட்டமும் இத்தகைய விற்பனையைச் செல்லாது என்கிறது. அரசே நிலத்தை எடுத்தாலும், இழப்பீட்டுப் பணம் வக்ஃபுக்கு மாற்றுச் சொத்தாக வேண்டுமே தவிர, பங்காளிகளின் பைக்குப் போகக்கூடாது.

முதவல்லிகளே, உங்களிடமும் ஒரு வார்த்தை. விற்கச் சொல்லும் குரல் பெரும்பாலும் கணக்கு காட்டாத வீட்டில்தான் எழும்புகிறது. முதலைக் கேட்க உரிமை இல்லாதவருக்கும் கணக்கைக் கேட்க உரிமை உண்டு. வருடம் ஒருமுறை வரவு செலவை எழுதி, பயனாளிகளைக் கூட்டி வாசித்துக் காட்டுங்கள். பத்திரத்தில் பெண் மக்களுக்குப் பங்கிருந்தால் அவர்களையும் கூப்பிடுங்கள். அண்ணன் தம்பிகள் மட்டும் உட்கார்ந்து பேசி முடித்துவிடாதீர்கள்.