ராகி உருண்டை

விடியுமுன் ஓசூர் சந்திரசூடேஸ்வரர் மலையேறி அமர்ந்தால், கீழே ஆலை விளக்குகள் ஒவ்வொன்றாக அணைவதைப் பார்க்கலாம். அப்பால் தளி, ஜவளகிரிக் காடுகள். ராகி முற்றும் நாட்களில் பன்னேருகட்டா பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் அவ்வழியாகத்தான் இறங்கும். மாநில எல்லைக்கோடு நமக்குத்தான், அவற்றுக்கு அது ஒரே காடு. பிள்ளையாரைக் கும்பிட்டு எழும்போதெல்லாம் எனக்கு ரகுவின் நினைவு வந்துவிடும்.

2017-ல் ஓசூர்க் காட்டுப் பகுதியில் தாயை மின்சாரத்துக்குப் பறிகொடுத்த யானைக்குட்டி அவன். வாலை நாய்கள் கடித்துக் குதறியிருந்தன, புண்ணில் புழு. முதுமலை தெப்பக்காடு யானை முகாமில் பராமரிப்பாளர்களான பொம்மனும் பெள்ளியும் அவனை வாங்கிக்கொண்டார்கள். பால்குடிக் குட்டிக்குத் தும்பிக்கையால் பால் குடிக்கத் தெரியாது. அதை மேலே தூக்கி மடித்துக்கொண்டு வாயால்தான் சப்பும். கைக்குழந்தைக்குக் கரைக்கும் பால்மாவையே முகாம்களில் அதற்கும் கரைக்கிறார்கள். கொஞ்சம் வளர்ந்தபின் ராகி உருண்டை. எந்த ராகியைத் தேடி அவன் இனம் நம் வயல்களில் இறங்கி அடிபடுகிறதோ, அதே ராகியை ஒரு மனிதக் கை உருட்டி அவன் வாய்க்குள் வைத்தது. எனக்கு இதுவே நைவேத்தியம்.

இப்படித்தான் கென்யாவில் டாஃப்னி ஷெல்ட்ரிக் அம்மையாரும் ஆயிஷா என்ற யானைக்குட்டியைத் தாமே வளர்த்தார். மகள் கல்யாணத்துக்காகச் சில நாள் பிரிந்திருந்தார். குட்டி ஏங்கியே செத்துப்போனது. அதன்பின் அவருடைய காப்பகத்தில் ஆள் மாற்றி ஆள்தான் குட்டிகளோடு படுக்கிறார்கள். ஒருவரிடமே ஒட்டிக்கொண்டால் அவர் இல்லாத நாளில் ஏங்கிப்போகுமே.

பற்றை விடு என்று பெரியோர் சொன்னதை, மனசைக் கல்லாக்கிக்கொள்வது என்றே வெகுகாலம் எண்ணியிருந்தேன். ரகு தேறியதும் வனத்துறை அவனை வேறொரு பாகனிடம் ஒப்படைத்தது. முகாம் யானைகளில் ஒருவனானான். பொம்மனும் பெள்ளியும் அழுதார்கள், அழுதுகொண்டே கொடுத்தார்கள். மறுநாளும் பால் கரைக்க அம்மு என்ற இன்னொரு குட்டி காத்திருந்தது. அவர்கள் கதையைச் சொன்ன ஆவணப்படம் 2023-ல் ஆஸ்கர் வாங்கியபோது ஊரே கொண்டாடியது. எனக்கென்னவோ அந்த அழுகைதான் பெரிதாகப் படுகிறது.

பயிர் போன வீட்டின் வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும். ஆனாலும் நம் பக்கத்து விவசாயிகளிடம் கைகூப்பிக் கேட்கிறேன். சூரியசக்தி வேலி போடுங்கள், அது விரட்டும். கம்பத்தில் கொக்கி போட்டு இழுத்த மின்சாரத்தை மட்டும் வேலியில் விடாதீர்கள். தாய்க்குப் பின்னால் குட்டி வரும்.