காணாத வயலுக்கு ஒரு யோசனை

2004 சனவரி 21 அன்று இந்திய அரசு உழவர் அழைப்பு மையங்களைத் தொடங்கிற்று. 1800-180-1551 என்னும் எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசலாம். வேளாண்மை பயின்ற ஒருவர் தமிழிலேயே விடை தருவார். இன்று வயல் வரப்பில் நின்றபடியே கைப்பேசியில் இந்த உதவியைப் பெற முடிகிறது. இதனை நாம் குறைத்து மதிப்பதற்கில்லை. நம் சிற்றூர்களில் நெடுங்காலமாகப் பயிருக்கு வைத்தியர், பூச்சிமருந்துக் கடைக்காரரே. கடனுக்கு மருந்து தருபவரும் அவர். எந்த மருந்து, எத்தனை முறை என்று முடிவு செய்பவரும் அவர். விற்பதற்கு ஏதுமில்லாத ஒரு குரல் உழவனுக்குக் கிட்டுவது பெரும் விடுதலை அன்றோ?

எனினும் தன்னலமற்ற யோசனை யாவும் பொறுப்புள்ள யோசனை ஆகிவிடுமா? கடைக்காரர் அதே தெருவில் இருப்பவர். பயிர் பொய்த்தால் அவரிடம் போய் நியாயம் கேட்கலாம். அவர் கொடுத்த கடனும் வாராமற் போகும். தொலைபேசிக் குரலுக்கோ அந்த இழப்பில் பங்கில்லை.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். "நெற்பயிர் மஞ்சளடிக்கிறது, என்ன செய்வது?" என்று ஒருவர் கேட்கிறார். தழைச்சத்துக் குறைந்தாலும் பயிர் மஞ்சளாகும். புகையான் பூச்சி தண்டின் சாற்றை உறிஞ்சினாலும் மஞ்சளாகும். முன்னதற்கு யூரியா தீர்வு. பின்னதற்கு யூரியா இட்டாலோ பூச்சி மேலும் பெருகும். வயல் திட்டுத் திட்டாகக் கருகும். வேறுபாட்டை அறிய ஒரே வழி, சேற்றில் இறங்கித் தூர்களை விலக்கி, நீர்மட்டத்தை ஒட்டிய தண்டின் அடியைப் பார்ப்பதுதான். விவேகத்திற்குப் பொதுவிதி தெரிந்தால் மட்டும் போதாது, எதிரே உள்ள தனி நிலைமையும் தெரிய வேண்டும் என்றார் அரிஸ்டாட்டில். புனித தோமா அக்குவினாரும் அதனை ஏற்றார். பொதுவிதி மையத்தில் இருக்கிறது, தனி நிலைமை சேற்றில் இருக்கிறது.

ஆகவே, விடை கூறுமுன் வினவுவது யோசனை சொல்பவரின் கடமை என்போம். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதும் அதில் அடங்கும். கேட்பவருக்கும் கடமை உண்டு. முன்னரே இருமுறை மருந்தடித்ததை மறைத்துப் பாதிக்கதை சொன்னால், கிடைப்பதும் பாதித் தீர்வே. இதில் இரு தரப்பையும் சமமாக வைக்கவும் நம்மால் இயலவில்லை. குத்தகை நிலத்தில் வட்டிக்கு வாங்கிப் பயிரிட்டவன் அச்சத்தில் பேசுகிறான். மற்றவரோ நாற்காலியில் அமர்ந்து பேசுகிறார்.

"தூரை விலக்கிப் பார்த்தீர்களா? பார்த்துவிட்டு வாருங்கள், நான் காத்திருக்கிறேன்" என்று அவர் சொல்லலாம். அந்தச் சில நிமிடங்களில் இன்னோர் உழவனின் அழைப்பு வரிசையில் நின்று அறுந்துபோகவும் கூடும்.