கோலமும் ஆற்றலும்

ஒரு பொருளின் தோற்றம் அதன் ஆற்றலை உள்ளவாறு காட்டக் கடமைப்பட்டதா? இவ்வினா இன்று இணையத்திற் பலர் கூடி ஆடும் விளையாட்டுகளை ஒட்டி எழுந்துள்ளது. எனினும், அது மயிலிட்டிக் கடற்கரைக்கு அந்நியமான வினாவன்று.

இவ்வகை விளையாட்டுகளில் ஆடுபவர் ஒரு வீரனின் பாத்திரத்தை ஏற்கின்றார். வீரன் அணியும் ஒவ்வொரு கவசத்தின் வலிமையும் எண்களாற் குறிக்கப்படும். 2004இல் வெளிவந்த 'வேர்ல்ட் ஒஃப் வோகிராஃப்ட்' என்னும் விளையாட்டிற் கவசத்தின் வடிவமும் வலிமையும் தொடக்கத்தில் ஒன்றையொன்று பிரியாதிருந்தன. வலிமையை நாடியவர் விரும்பாத கோலத்தையும் பூண நேர்ந்தது. 2011இல் இந்நிலை மாறிற்று. ஒரு கவசத்தின் வலிமையை வைத்துக்கொண்டே மற்றொன்றின் தோற்றத்தை அதற்கு அளிக்க வழி பிறந்தது.

இதனை ஏற்காதோர் கூறும் நியாயம் எளிதிற் புறக்கணிக்கத் தக்கதன்று. அரிதின் முயன்று பெற்ற கவசம் உழைப்புக்குச் சான்று, எதிர்நிற்பவனுக்கு எச்சரிக்கை. இவ்விரண்டும் அழியுமாயின் கோலம் பொய்யாகிவிடும் என்பர். மறுசாராரோ, வலிமையின் பொருட்டு அழகைத் துறக்குமாறு எவரையும் நிர்ப்பந்தித்தல் ஆகாது என்பர்.

கோலம் எப்போது பொய்யாகின்றது? 1914 செப்ரெம்பர் 22இல் சென்னைமீது குண்டு பொழிந்த எம்டன் என்னும் ஜேர்மானியக் கப்பலின் பெயர், தந்திரசாலியைக் குறிக்கும் சொல்லாகத் தமிழில் நிலைத்துவிட்டது. மறுமாதம் பினாங்குத் துறைமுகத்தினுட் புகுந்தபோது, அது தன் மூன்று புகைபோக்கிகளோடு போலியான நான்காவதொன்றையும் நிறுத்திப் பிரித்தானியக் கப்பல்போலத் தோன்றிற்று. ஆயினும், சுடுமுன் தன் நாட்டுக் கொடியை ஏற்றிற்று. கடற்போர் மரபு வேடத்தைப் பொறுத்தது. வேடத்துடன் தாக்குவதைப் பொறுக்கவில்லை. அக்கணநேர எச்சரிக்கை அங்கு நின்ற ரஷ்யக் கப்பலைக் காக்கவில்லை என்பது உண்மையே. ஆனால், போரிலுங்கூட ஓர் எல்லை வேண்டப்பட்டமை ஈண்டு நோக்கற்பாலது.

அமைதிக்காலத்தில் அவ்வெல்லை இன்னுந் தெளிவாகத் தெரிகின்றது. மயிலிட்டித் துறையிற் கட்டப்பட்டிருக்கும் கண்ணாடியிழைப் படகுகளை நோக்குக. நிறமும் பெயரும் உரிமையாளரின் விருப்பம். வேகமோ பின்புறம் பூட்டிய இயந்திரத்தின் குதிரைவலுவைச் சார்ந்தது. செந்நிறம் பூசியமையால் எப்படகும் விரைவதில்லை. அவ்வாறு பூசியவரை எவரும் வஞ்சகர் என்பதுமில்லை. ஆனால், பதிவிலக்கத்தை எவரும் விரும்பியவாறு மாற்றலாகாது. 1972ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகளின்படி, கலத்தின் பக்கவிளக்குகளில் இடப்புறத்தது சிவப்பாகவும் வலப்புறத்தது பச்சையாகவும் இருத்தல் வேண்டும். அழகுக்காக அவற்றை இடம்மாற்றுபவன், இருளில் எதிரே வருபவனின் உயிரோடு விளையாடுகின்றான். பிறர் தம் நலத்தையும் உயிரையும் நம்பி ஒப்படைக்கும் அடையாளங்கள் மெய்யாயிருத்தல் வேண்டும். ஏனையவை அவரவர் உரிமை. 2011இல் அவ்விளையாட்டு வகுத்த விதியும் இதற்கு ஒத்ததே. தோற்றத்தை மாற்றலாம்; ஆனால், துணிக்கவசம் இரும்புக்கவசமாய்த் தோன்ற இடமில்லை.

இவ்வினாவுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. தோற்றத்தைக் கண்டே ஆற்றலை அளக்கும் பழக்கம் விளையாட்டில் வெறும் பிழை. வாழ்க்கையில் அது கொடுமை. 1990இற் போர் காரணமாக மயிலிட்டி மக்கள் ஊரைவிட்டு வெளியேறினர். 2017இலேயே துறைமுகப் பகுதி விடுவிக்கப்பட்டது. இடைப்பட்ட 27 ஆண்டுகளிற் பலர் முகாம்களில் வாழ்ந்தனர். ஆழ்கடலின் நீரோட்டத்தையும் காற்றின் போக்கையும் அறிந்த ஒருவர், கடலில்லா ஊரிற் கூலிவேலைக்கு நிற்கும்போது, அவரது கோலம் அவ்வறிவில் எதனைக் காட்டும்? அவரை 'அகதி' என்னும் ஒரு சொல்லில் அடக்கியவர் உடையைக் கண்டார், ஆளைக் காணவில்லை.

ஆதலின், கோலத்தையும் ஆற்றலையும் பிரித்தறிதல் ஆடுபவருக்குரிய சலுகை மட்டுமன்று, காண்பவருக்குரிய கடமையுமாகும். பிறர் உயிர் தங்கும் இடத்தில் தன் விளக்கை மெய்யாக ஏற்றுதலும், பிறர் உடையைக் கொண்டு அவர் வலிமைக்கு விலை குறியாமையும் ஒரே அறத்தின் இரு கூறுகள் எனலாம்.