கைநாட்டுக்காரரின் ஹக்

ஒரு பெரியவர் என்னிடம் கடிதம் ஒன்றை நீட்டினார். அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன். "கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேன் ஹஜ்ரத், படித்துச் சொல்லுங்கள்" என்றார். முதியோர் உதவித்தொகை விசாரணைக்கு வரச் சொன்ன கடிதம். அந்தத் தேதி போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. காரணம் கண்ணாடி அல்ல. ஏழு வயதில் அவரைப் பீடிக்கு நூல் கட்ட உட்கார வைத்திருக்கிறார்கள்.

குற்றம் யாருடையது? வறுமையில் பிள்ளையை வேலைக்கு அனுப்பிய தந்தையைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் மவுத்தாகியும் வெகுகாலம் ஆகிறது. ஆனால் அந்தப் பிள்ளையின் ஹக்?

பத்ருப் போரில் பிடிபட்ட கைதிகளில் பிணைத்தொகை கொடுக்க வழியில்லாதவர்கள், அன்ஸாரிகளின் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதையே நபி (ஸல்) அவர்கள் ஈடாக ஏற்றார்கள் என்று முஸ்னத் அஹ்மதில் வருகிறது. கற்பித்தவர்கள் முஸ்லிம்கள்கூட அல்ல. ஒரு மனிதனின் விடுதலைக்கு ஈடாக வைக்கப்பட்ட ஒன்றை இந்தப் பெரியவருக்குக் கொடுக்காமல் அறுபது வருடம் கடத்தியிருக்கிறோம். 'கடத்தியிருக்கிறோம்' என்று நம்மையும் சேர்த்தே சொல்கிறேன். அவரும் இதே மஹல்லாவில்தானே இருந்தார்?

ஜனாஸாவை முன்னே வைத்து, "மய்யித்துக்குக் கடன் இருந்தால் யார் பொறுப்பு?" என்று கேட்கிறோம். இதுவும் கடன்தான்.

திங்கள் முதல் இஷாவுக்குப் பின் மத்ரஸா அறையில் பெரியவர்களுக்குத் தமிழ் எழுத்து வகுப்பு. கற்றுத்தர இரண்டு பேர் வேண்டும். சுன்னத் தொழுதுவிட்டு என்னிடம் பெயர் கொடுங்கள்.