நகைப்பும் ஆட்சிப் பொறுப்பும்

ஒருவன் எழுந்து பேசத் தொடங்குமுன்னரே அவையோர் நகைப்பாராயின், அவன் சொல்லை ஆராய்தல் வேண்டுமோ, விடுத்தல் வேண்டுமோ? இவ்வினா நம் காலத்திலே பல தேசத்துக் குடிகள் முன்னும் நிற்கின்றது. மக்களை நகைப்பித்துப் புகழீட்டிய விகடர் பலர் ஆட்சிப் பதவிகளுக்குப் போட்டியிட்டனர். சிலர் வென்றும் உள்ளனர். இவரைப் பொருட்படுத்தல் தகுமோ என ஆராய்தல் சைவாசிரியர்களாகிய நமக்குக் கடனாம். என்னை? நாளை வாக்களிப்போர் இன்று நம் முன்னிருந்து கற்கும் பிள்ளைகளேயாவர்.

முதற்கண் நம் குற்றத்தை ஒப்புக்கொள்வேம். 2019ஆம் வருஷம் பங்குனி முடிவிலே உக்ரேன் தேசத்துச் சனாதிபதித் தேர்தலின் முதற்சுற்றில் வொலொடிமிர் செலென்ஸ்கி என்னும் நகைச்சுவை நடிகர் முந்தி நின்றார் என்னுஞ் செய்தி வந்தது. அவர் 2015இலே தொடங்கிய தொலைக்காட்சி நாடகமொன்றில், எதிர்பாராது சனாதிபதியான ஒரு சரித்திர ஆசிரியராக வேடம் புனைந்தவர். “வேடத்தை மெய்யென்று நம்பினர் பேதையர்” என்று நாம் ஆசிரியர் அறையிலிருந்து நகைத்தோம். அடுத்த சுற்றிலே நூற்றுக்கு 73 வீதமான வாக்குகளால் அவர் வென்றார். 2022 மாசியிலே ருஷியப் படை புகுந்தபொழுது தலைநகரை விட்டகலாது நின்றார். அன்று நம் நகைப்பு நமக்கே நாணமாயிற்று.

ஆயினும், இவ்வொன்றைக் கொண்டு விகடரெல்லாம் ஆட்சிக்குரியர் எனத் துணிதலும் வழுவேயாம். குவாத்தமாலா தேசத்திலே 2015ஆம் வருஷம் அப்போதைய சனாதிபதி ஊழற் குற்றச்சாட்டினாற் பதவி துறந்தார். அவ்வேளை ஜிம்மி மொறாலெஸ் என்னும் நகைச்சுவை நடிகர், தாம் ஊழல் புரிபவருமல்லர், கள்வருமல்லர் என்று கூறி வாக்குக் கேட்டு வென்றார். 2017இலே அவருடைய தேர்தற் பணத்தைப்பற்றி, ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவு பெற்ற விசாரணைக் குழு ஆராயப் புகுந்தது. அவரோ அக்குழுத் தலைவரையே நாட்டை விட்டு வெளியேறக் கட்டளையிட்டார். நீதிமன்றம் தடுத்தது, எனினும் குழுவின் தவணை நீட்டப்படாது 2019இலே முடிந்தது. ஊழலை அம்மக்கள் வெறுத்தது மெய். அதனை ஒழிக்கும் உறுதி இவரிடத்து உண்டோவென ஆராய்ந்திலர்.

பிரேசிலிலே 2010ஆம் வருஷம் திரிரிக்கா என்னுங் கோமாளி, பாராளுமன்ற உறுப்பினரின் வேலை இன்னதெனத் தாம் அறியாரென்றும், தம்மைத் தெரிந்தனுப்பினால் அறிந்து வந்து சொல்வதாகவும் பிரசாரஞ் செய்தார். 13 இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகள் விழுந்தன. அந்நாட்டு அக்கால விகிதாசார முறையிலே ஒருவர் பெற்ற மிகுதி வாக்குகள் அவருடைய கூட்டணியினர்க்குப் பயன்பட்டன. ஆகவே வாக்காளர் எண்ணியும் பாராத வேறு சிலரும் அவ்வாக்குகளாலே சபை புகுந்தனர். விளையாட்டாக இட்ட வாக்கு விளையாட்டாக எண்ணப்படுவதில்லை.

அதே வருஷம் ஐஸ்லாந்தின் தலைநகராகிய றெய்க்யவீக்கிலே யோன் க்னார் என்னும் விகடர், நீச்சற் குளங்களில் இலவசத் துவாய் தருவேன், மிருகசாலைக்குத் துருவக் கரடி கொணர்வேன் என்றார். 2008இலே வங்கிகள் வீழ்ந்தமையாற் சினந்திருந்த குடிகள் அவர் கட்சிக்கு 15 ஆசனங்களுள் 6ஐ அளித்தனர். மேயரான பின் அவர், கடனில் அமிழ்ந்த நகர மின்வலுக் கம்பனியை மீட்கக் கட்டணங்களை உயர்த்தும் பழியையும் ஏற்றார். நான்கு வருஷம் பணிபுரிந்து, மீண்டும் அப்பதவிக்குப் போட்டியிடாது 2014இலே விலகினார்.

இவற்றால் விளங்குவது யாது? தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதலில் வைத்து, அது தோன்றும் களங்களுள் எள்ளலையும் ஒன்றாகக் கூறினார். ஆள்வோர் தம் ஒழுக்கத்தால் எள்ளுதற்குரியராகியபொழுதே விகடர்க்கு வாக்கு விழுகின்றது. ஆதலின் விகடரை மதியாவிடினும், அவர்க்கு வாக்களிப்பாரின் மனவருத்தத்தை மதித்தே ஆகவேண்டும்.

விகடம் இழிதொழில், அது செய்வார் ஆளத் தகார் என்பாருமுளர். குயவரையும் வண்ணாரையும் பரதவரையும் நாயன்மாராக வணங்கும் நாம் இவ்வாறு கூறுதல் எங்ஙனம் பொருந்தும்? தொழில் ஒருவனைத் தள்ளுதற்குக் காரணமன்று. கொள்ளுதற்கும் அது காரணமன்று.

பின்னை யாதனைக் கொண்டு துணிவது? திருவெண்ணெய்நல்லூர் அவையை நினைமின்கள். முதிய வேதியர் ஒருவர் திருமணப் பந்தரிற் புகுந்து, மணமகனாகிய நம்பியாரூரரைத் தம் அடிமை என்றபொழுது ஆரூரரும் நகைத்தார். வந்தோரைப் பித்தன் என்றார். ஆயின் வழக்கு அவையேறியபின், நகைப்பைக் கொண்டு அவையத்தார் தீர்ப்புச் செய்திலர். ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றனுள் ஒன்றாற் காட்டுக என்றனர். மூலவோலையை வாங்கி, பாட்டனாரது கையெழுத்தோடு ஒப்புநோக்கிய பின்னரே வழக்கை முடித்தனர். வந்தவர் யாவரென்பதை அவர் அப்பொழுது அறியார். அறியாதிருந்தும் முறை வழுவாது நடந்தனர்.

வாக்காளன் செய்யற்பாலதும் இதுவே. விகடன் நாடக மேடையிலே கடன்படாதவன். பதவி வேண்டி வாக்குக் கேட்ட அக்கணமே ஆளோலை எழுதிக் கொடுத்தவனாகின்றான். முன்பு அவன் ஏற்ற பொறுப்புக்களை எவ்வாறு ஆண்டான்? செய்வேன் என்பதை எழுதித் தருவானோ? உடன் தொழில் புரிந்தோர் அவனைப்பற்றி யாது கூறுகின்றனர்? இம்மூன்றுக்கும் விகடத்தையே விடையாகத் தருவானாயின் அவனை விடுக்க. முகஞ் சுளித்து, சாத்திரம் பேசி, இம்மூன்றுக்கும் விடை தாராத அரசியற் பெரியாரையும் அவ்வண்ணமே விடுக்க. அவர் நகைப்பிப்பதில்லை என்பது ஒரு தகுதியன்று.

ஆசிரியர்காள்! வகுப்பிலே நம் நடையையும் குரலையும் நடித்துக் காட்டும் சிறுவன் ஒருவன் எப்பாடசாலையிலும் உளன். பிள்ளைகள் அவனை மாணவர் தலைவனாகத் தெரிவாராயின் பிரம்பை எடுக்கற்க. அவன் நடித்துக் காட்டியதில் மெய்யுண்டோ என நம்மை நாமே ஆராய்வேமாக. பின்பு தெரிந்த பிள்ளைகளை அழைத்து, யாதுபற்றி இவனைத் தெரிந்தீர் என வினவி, அவர் விடை கூறுமளவும் பொறுத்திருப்பேமாக. அவ்வினாவை அவர் தமக்குள்ளே கேட்கப் பழகுவாராயின், நாம் கற்பித்தவற்றுள் அது சிறந்த பாடமாகும். அதற்குத் திருவருள் முன்னிற்க.